இருபத்திமூணாவது கிளை

இருபத்திமூணாவது கிளைக்குக் கயிறு கட்ட மரம் இல்லை. மற்ற இருபத்திரண்டுக்கும் இருந்தது, எந்த மரத்திலிருந்து வெட்டினோமோ அந்த மரம் பக்கத்திலேயே நின்றது, பதினோரு நாளாக நானும் அத்தானும் ஏறி ஏறி ஒவ்வொரு கிளையையும் அதன் மரத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினோம், எங்கள் கயிறு பத்தாமல் கிணறு வெட்டுகிறவர்களிடம் இரவல் வாங்கினோம், பழைய லாரிக் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டினோம். ஆனால் லாரிப்பேட்டையில் சேகனா பாய் வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே, பதினைந்தடி உயரத்தில், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில், வெட்டவெளியில் தனியாக நின்ற அந்தத் தூங்குமூஞ்சிக் கிளைக்கு மேலே வானம்தான் இருந்தது. வானத்தில் கயிறு கட்ட முடியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் நகராட்சி ஆபீசில் நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்ட நிமிஷம் இருபத்திமூணும் விழும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. என் பேர் சொரிமுத்து, பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன், யாரும் என்னைத் துரத்தவில்லை, உட்கார்ந்திருக்க முடியாமல் நானாகத்தான் எழுந்து வந்தேன். நாவலடிப்பேட்டையில் ஓட்டின்மேல் சாய்கிற கிளை, கரண்டுக் கம்பியில் உரசுகிற கிளை, கிணற்றுக்குள் இலை கொட்டுகிற கிளை, எதுவானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் மூன்று பேர். ஏறி வெட்டுவது நான், கீழே நின்று கயிறு பிடிப்பது பூல்பாண்டி அத்தான், போனில் பேசி வேலை பிடிப்பதும் வேலை கொடுத்தவர்களோடு சண்டை போடுவதும் என் அக்கா பேச்சியம்மாள். எங்களிடம் ஒரு மெஷின் ரம்பம், இரண்டு அரிவாள், இரண்டு வடக்கயிறு. தலைக்கு ஹெல்மெட் கிடையாது, இடுப்புக்கு பெல்ட் கிடையாது. ஒருமுறை புளியமரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு இரண்டு விட்டுப்போனது, ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டார்கள், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து அக்கா, "சும்மா இருக்கான்"னு எழுதச் சொன்னாள். எனக்கு எலும்பைவிட அதுதான் வலித்தது. அதனால் லைசென்ஸ் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு அது வேணும். இப்பவும் வேணும்.

பங்குனி மாதம் நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள், இனி எல்லைக்குள் உரிமம் பெறாத எவரும் மரக்கிளை அகற்றக் கூடாது என்று. டீக்கடைப் பேப்பரில் அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எவரும்னா நாமளுமா?" என்று கேட்டாள்.

"எவரும்னா எல்லாரும்தான்ட்டி," என்றார் அத்தான். "நாளைக்குப் போஸ்ட்மாஸ்டர் வீட்டு வேம்பு கெடக்கு. அத முடிச்சுட்டு யோசிப்போம்."

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ரம்பம் பாதிக்கு மேல் இறங்கியதும் நான் "வருது" என்று கத்துவேன், அத்தான் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டு "வரட்டும்" என்பார், அவர் சொல்லாமல் மீதியை அறுக்க மாட்டேன். அன்றைக்கும் கத்தினேன், அன்றைக்கும் சொன்னார், அறுத்தேன். வரவில்லை. கிளை மரத்தை விட்டுத் தனியாகிவிட்டது, இடையில் என் இரண்டு விரல் தாராளமாகப் போய்வந்தது, அந்த இடைவெளி வழியாக எதிர்வீட்டு ஆண்டெனா தெரிந்தது, ஆனாலும் கிளை இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே, இலை ஒன்றுகூட உதிராமல் நின்றது.

"என்னல, எங்கயும் மாட்டிக்கிட்டா?"

"ஒண்ணும் மாட்டல அத்தான். அறுந்துபோச்சு. கயித்த இழுங்க."

இழுத்தார். செருப்புத் தேயத் தேய இழுத்தார். தெருவில் போன இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்லங்கம்மா."

"அதான் விழல," என்று சொல்லிவிட்டு வற்றலைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

ஊரில் யாரும் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேஷன் கார்டு இல்லாவிட்டால் அரிசி வராது, லைசென்ஸ் இல்லாவிட்டால் கிளை விழாது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

நாங்கள் பண்ணின தப்பு வேறே. கிளை வெட்டுகிறவன் கிளை மண்ணைத் தொடுகிறவரைக்கும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, எங்கள் தொழிலில் சட்டம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். அன்றைக்கு ஒரு மணிநேரம் காத்திருந்தோம், ரெண்டு மணிக்கு அடுத்த வேலை இருந்தது, கையில் இருந்ததோ ரெண்டே கயிறு. நான் அந்தத் தனிக்கிளைமேலேயே ஏறி நடந்துபோய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். என் எடையைத் தாங்கியது, ஒரு ஆட்டம் இல்லை. விழாத கிளைக்குக் கயிறு எதற்கு என்று நினைத்தோம். இப்படியே நினைத்து நினைத்து வைகாசிக்குள் இருபத்திமூணு கிளையை வெட்டி, இருபத்திமூணு முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்தோம்.

விழாத கிளையை வெட்ட யார் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டார்கள். வெட்டின கிளை எந்தக் காற்றுக்கும் ஆடாது என்பதை இரண்டாவது வாரத்திலேயே ஊர் கண்டுபிடித்துவிட்டது, ஆடாத கிளை ஓட்டை உடைக்காது, கம்பியில் உரசாது, இலையும் உதிர்க்காது, நிழல் மட்டும் அப்படியே இருக்கும், இதைவிட என்ன வேண்டும் என்றார்கள். வேம்பு பூத்தது, புங்கை காய்த்தது, தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று யாரும் கேட்கவில்லை. தனிக்கிளைகளில் துணி காயப் போட்டார்கள், தொட்டில் கட்டினார்கள், பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தாரைத் தொங்கவிட்டு வியாபாரம் பண்ணினார்கள், லைன்மேன் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டார், நடுத்தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடாமலே பந்தி போட்டார்கள். மேலத்தெருவில் யாரோ ஒருத்தி ஒரு கிளைக்கு மஞ்சள் துணி சுற்றிவிட, அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே எலுமிச்சம்பழ விளக்குப் போடக் கூட்டம் வந்துவிட்டது. நான் வெட்டிய கிளைக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள், வெட்டினவனைப் பார்த்து, "தம்பி, செருப்பக் கழத்திட்டு வா" என்றார்கள்.

இருபத்திமூணாவதுதான் சேகனா பாய் வீட்டுக் கிளை. பாய் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர், மூன்று வருஷமாக இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாமல் கட்டிலில் கிடக்கிறார். அவர் பெண்சாதி பாத்துமுத்துப் பெரியம்மா வாசலில் இடியாப்பம் விற்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ரோட்டோரம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை காற்றடித்தால் தகரத்தில் வந்து அறையும், பாய்க்குத் தூக்கம் போகும், அதனால்தான் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டாள். வெட்டினோம், நின்றது, கயிற்றை அவிழ்த்தோம், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தாள், வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் மதுரையிலிருந்து லைசென்ஸ் உள்ள கம்பெனி வந்தது. கிரேன் வண்டி, மஞ்சள் ஹெல்மெட், நெஞ்சைச் சுற்றி பெல்ட், கையில் விசில். ரோட்டோர வாய்க்காலை அகலப்படுத்த அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை எடுக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு, எல்லாம் முறைப்படிதான். வேலை விட்டு நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். அவர்கள் வெட்டின ஒவ்வொன்றும் விசில் ஊதின மறுவினாடி விழுந்தது, அழகாக, குறித்த இடத்தில். சாயங்காலத்துக்குள் மரம் போய்விட்டது, மரம் நின்ற இடத்தில் வாய்க்கால் வந்துவிட்டது. நாங்கள் வெட்டின கிளை மட்டும் தகரக் கூரைக்கு மேலே, மரமே இல்லாமல், ஆகாயத்தில் நின்றது. சாயங்காலம் தூங்குமூஞ்சி இலை மூடிக்கொள்ளுமே, அதுவும் மூடிக்கொண்டது, காலையில் விரித்துக்கொண்டது. ஆவணி வெயிலில் ரோஸ் கலரில் பூத்தது. பாய் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார், கட்டிலில் கிடந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், மூன்று வருஷம் தகரத்தையே பார்த்துக் கிடந்தவர்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது என்றுதான் நானும் நினைத்தேன், தவசிக்கண் கையெழுத்துப் போடுகிறவரைக்கும். தவசிக்கண் கீழத்தெருவில் தென்னை ஏறுகிறவர், அவருக்கும் ஒன்பது மட்டை அங்கங்கே அந்தரத்தில் நின்றது. எங்களுக்கு முந்தியே ஆபீசுக்கு அலைந்து லைசென்ஸ் வாங்கினார். பேனா பேப்பரை விட்டு எழும்பின நேரம் ஒன்பது மட்டையும் ஒரே சத்தமாக விழுந்தது. ஒரு ஆடு செத்தது, ஒரு டீச்சருக்குத் தோள்பட்டை இறங்கியது. தென்னை மட்டைக்கே இந்தக் கதி.

அன்றைக்கு மத்தியானமே ஊர் அண்ணாந்து பார்த்தது. ஆறு மாதமாக அண்ணாந்து பார்க்காத ஊர். தொட்டில்களை அவிழ்த்தார்கள், வாழைத்தாரை இறக்கினார்கள், மஞ்சள் துணி கட்டின கிளைக்கு அடியில் நின்று கும்பிட்டவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று கும்பிட்டார்கள். ஆளாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாதிப் பேர், "தயவுசெஞ்சு லைசென்ஸ் மட்டும் வாங்கிராத" என்றார்கள், மீதிப் பேர், "எங்க வீட்டுக் கெளைக்கு மட்டும் கயித்தக் கட்டிட்டு வாங்கித் தொல" என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா, "விழணும்னுதான அன்னிக்கே கூப்பிட்டேன்," என்றாள், அவள் ஒருத்திதான் நியாயமாகப் பேசினாள்.

வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. ஊர் பயந்த பிறகு புதிதாக ஒரு கிளைக்கு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, எல்லா வேலையும் கம்பெனிக்குப் போனது. எல்லைக்கு வெளியே கருவேலம் வெட்டினோம், அங்கே கிளைகள் எப்போதும்போல விழுந்தன, ஆனால் கருவேலம் வெட்டி மூன்று பேர் சாப்பிட முடியாது, வரப்போவதோ நாலாவது ஆள். அக்காவுக்கு ஏழு மாதம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர் முழுக்க கிளை கழிக்கிற வேலை இருக்கிறது, லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கிறார்கள், அது கிடைக்காவிட்டால் அத்தான் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அக்கா அழவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் யார் கூட நிற்பது என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

லைசென்ஸ் பிரிவில் தேவசகாயம் சார் என்று ஒரு கிளார்க். கெட்டவர் என்றால் கதை சொல்ல எனக்குச் சுலபமாக இருக்கும், அவர் நல்லவர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த அக்காவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே விண்ணப்பப் பாரம் நிரப்பினார். என் பேரில்தான் எடுக்க வேண்டும், வெட்டுகிற கை எதுவோ அதுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார், எனக்கு ஆடி மாதம்தான் பதினெட்டு முடிந்தது, அதற்காகவே காத்திருந்தோம். படிப்பு என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதியபோது தலையை நிமிர்த்தாமல், "போதும் தம்பி," என்றார். இதுவரை செய்த வேலைகள் என்ற இடத்தில் இருபத்திமூணு வீட்டையும் எழுதினோம்.

"சார், லாரிப்பேட்ட வீட்ட மட்டும் விட்டுட்டு எழுதலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"எழுதினாலும் எழுதாட்டாலும் கை ஒண்ணுதானம்மா. தவசிக்கண் ஏழுதான் எழுதுனாரு. ஒம்போதும் விழுந்துச்சு."

"அந்தக் கம்பெனிக்காரங்க கிரேனக் கேட்டு வாங்கி, கெளையப் பிடிச்சுக்கிட்டா?"

"நானே கேட்டேன். லைசென்ஸ் இல்லாத கிளைய லைசென்ஸ் உள்ள வண்டி தொடக்கூடாதாம். விழுந்தப்புறம் வந்து அள்ளித் தர்றோம்னு சொல்லுதாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பைலு என் மேசையில இருக்கும். அப்புறம் அடுத்த வருஷந்தான். இன்ஷூரன்ஸ் வரும் தம்பி, ஹெல்மெட் வரும், பெல்ட் வரும். நல்லா யோசிச்சுக்கோ."

இப்படித்தான் பதினோரு நாள் கயிறு கட்டினோம். வியாழக்கிழமை இருபத்திரண்டும் முடிந்தது, லாரிப்பேட்டைக்குப் போனோம்.

துண்டு துண்டாக நறுக்கிவிட்டால் சின்னதாக விழும் என்பது அத்தான் யோசனை. ஏணி வைத்து ஏறி நுனியிலிருந்து ஆரம்பித்தேன். நறுக்கின துண்டும் அங்கேயே நின்றது, சரி, அது தெரிந்ததுதான். ரம்பத்தூளும் நின்றது. ஒரு பொடிகூட இறங்காமல், கழற்றின தகரத்துக்கு நேர் மேலே புகைமாதிரி கட்டி நின்றது, நான் இறங்கி அதற்குள் தலையை விட்டதும் மூச்சு முட்டியது. கீழே பாய் இருமினார், பிறகு கத்தினார்.

"ஏ தம்பி! நிறுத்துல! என் ஆகாசத்த அடைக்காத!"

சட்டைக் கையால் தூளை விலக்கப் பார்த்தேன், அது சட்டையில் ஒட்டியதே தவிர நகரவில்லை. விட்டுவிட்டு உள்ளே போனேன். பாய் இரண்டு தலையணைக்கு மேலே சாய்ந்திருந்தார், மீசைக்கு மட்டும் கறுப்பு மை போட்டிருந்தார்.

"பாய், நாளைக்கு ஒரு நாள் பள்ளிவாசல் பக்கம் போயிருவோம். கட்டிலோட நாலு பேரு தூக்கிருவோம்," என்றார் அத்தான்.

"தூக்குவ. அப்புறம்?"

"அப்புறம் கிளை விழுந்தப்புறம்..."

"விழுந்தப்புறம் வீடு எங்க இருக்கும் பூல்பாண்டி?"

அத்தான் கட்டில் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இது புறம்போக்கு," என்று பாய் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ கெளைக்கு லைசென்ஸ் இல்லங்கிற, என் வீட்டுக்கே லைசென்ஸ் கெடையாது. நிக்கிற வீட்ட ஒண்ணும் செய்ய மாட்டாவ, நிக்கட்டும்னு விட்ருவாவ. விழுந்த வீட்டத் திரும்பக் கட்ட விடமாட்டாவ. ஒரு செங்கல் வைக்க விடமாட்டாவ. ஆளு உள்ள கெடந்தாத்தான் இது வீடு. ஆளு எறங்கிட்டா அது நகராட்சி இடம். நான் எறங்க மாட்டேன்."

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாதே பாய்."

"ஏன் முடியாது? நீ போடு. முப்பது வருசம் லாரில லோடு ஏத்தி எறக்கினவன் நான், எது எப்படி விழும்னு எனக்குத் தெரியும். அது வாய்க்காப் பக்கமாத்தான் சாயும்."

அது வாய்க்கால் பக்கம் சாயாது. அடிப்பக்கம் பருமனாகக் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது, பருமன் பக்கம்தான் முதலில் வரும், மூன்று வருஷமாகக் கிளை வெட்டுகிறேன், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் பாத்துமுத்துப் பெரியம்மா இடியாப்ப உரலைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் அத்தானிடம் சண்டை போட்டேன். "அன்னிக்கு அவுக்காதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன?" என்றேன்.

"நீதானல மேல ஏறிப்போயி அவுத்த."

"நீங்கதான ரெண்டு மணிக்கு வேல இருக்குன்னு கத்துனீக."

"கத்துனேன். இப்ப என்ன செய்யச் சொல்லுத? மரத்த நட்டு வளக்கவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை, நான் சொன்னதிலும் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நகராட்சி மைக் வண்டி தெருத்தெருவாகப் போய், வெட்டின கிளைகளுக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது. கடைகள் ஷட்டரை இறக்கின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மைதானத்து நடுவில் உட்காரவைத்தார்கள். மேலத்தெருவில் மஞ்சள் துணியை அவிழ்த்துப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்கள். அத்தான் போஸ்ட்மாஸ்டர் வீட்டு வேம்படியில் கயிற்று முடிச்சைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது, அந்தச் சத்தம் என் கையில் இருந்தது.

ஆபீசில் நானும் அக்காவும் தேவசகாயம் சாரும்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். நாலே முக்காலுக்குப் பாத்துமுத்துப் பெரியம்மா உள்ளே வந்தாள், கையில் அரிசிமாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது, கழுவாமல் வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, பாயைத் தூக்கிவிட்டார்கள், சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பாய எங்க வச்சிருக்கீக பெரியம்மா?"

"எங்க வைக்க? வீட்லதான் இருக்காரு."

"வீட்டுக்குள்ளயா?"

"கட்டிலப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்காரு. நாலு பேரு வந்தாவ, நாலு பேரையும் வஞ்சு அனுப்பிட்டாரு." அக்காவின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "உன்ட்ட சொல்லச் சொன்னாரு. வேலைய ஆரம்பிச்சவன் முடிக்கணுமாம், அந்தரத்துல விட்டுட்டுப் போறவனுக்குப் பேரு வேலைக்காரன் இல்லயாம். நீ போட்டுரு மக்கா. நாங்க ஆண்டு முடிச்சவங்க. உன் அக்காவுக்கு முன்னால எவ்வளவோ கெடக்கு. நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், யார்ட்டயும் சொல்ல மாட்டேன், எழுதிக் கேட்டாலும் தாரேன்."

எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் தேவசகாயம் சார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எந்த ஜன்னலும் திறந்து கிடக்கவில்லை, சாத்தின ஜன்னலைத்தான் இன்னொரு தரம் சாத்தினார். திரும்பி வந்து, "மணி நாலு அம்பத்தஞ்சு தம்பி," என்றார். "சட்டப்படி உன்மேல ஒண்ணும் வராது. அறிவிச்சாச்சு. மைக்குல சொல்லியாச்சு."

நான் யாராவது ஒருத்தர் வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்த்தேன். ஒருத்தர் போதும். யாராவது போடாதே என்று சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டை போட்டே நான் போட்டிருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. பெரியம்மா போடச் சொன்னாள், கட்டிலில் கிடந்து பாய் போடச் சொல்லி அனுப்பியிருந்தார், சார் மணியைச் சொன்னார், ஊர் காதைப் பொத்திக்கொண்டு போடு போடு என்று நின்றது. எனக்கு அந்த மஞ்சள் ஹெல்மெட் வேண்டும். ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒரு பேர் வேண்டும். அத்தான் கேரளா பஸ் ஏறக் கூடாது. இது அத்தனையும் அந்தப் பெருக்கல் குறிக்கு மேலே இருந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல். பேனாவை எடுத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சின்ன வயதில் சிலேட்டுக் குச்சி பிடிக்கவைக்கிறமாதிரி, அதற்குள் திணித்தாள்.

"போடுல," என்றாள்.

நான் போடவில்லை.